கை கறுத்தால் என்ன?



அண்மையில் நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். செய்தி விடுதியில் பரவியதும் கேள்விகள் பறந்து வந்தன. "தவணையில் புதியது வாங்கக்கூடாதா?" என்றார் ஒரு நண்பர். "எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவனுக்குப் பட்டறையில் என்ன வேலை?" என்றார் மற்றொருவர். மூன்றாவது கேள்வி கரூரிலிருந்து தொலைபேசி வழியே வந்தது. பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பதாண்டு உழைத்த என் தந்தையின் கேள்வி அது. "ஏஞ் சாமி, உன்ற கை கறுக்கக் கூடாதுன்னுதான நான் படிக்க வெச்சேன்?"

முதல் இரண்டுக்கும் சிரித்து வைத்தேன். மூன்றாவதற்குச் சிரிக்க முடியவில்லை. அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

வண்டி 2012இல் பதிவான கரிஸ்மா. 223 சி.சி. எஞ்சின், 15 லிட்டர் கொள்ளும் பெட்ரோல் தொட்டி, எதிர்காற்றைத் தாங்க முன்புறம் பாதி மூடி. வேகமும் நெடும்பயணமும் ஒன்றாய்க் கூடிய வண்டி என்று 2003இல் இது வந்தபோது இளைஞர் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று அத்தகைய புதுவண்டி இலட்சக் கணக்கில் விலை பேசுகிறது. நான் கொடுத்தது 32,000 ரூபாய். உதவித்தொகையிலும் டியூஷன் வருவாயிலும் மிச்சம் பிடித்தது.

வாங்கிய இடம் கரோல்பாக். தலைநகருக்கு அரசு அலுவல் நாடி வந்த தமிழர் பலர் அந்நாளில் குடியேறிய பகுதி அது. இன்று அதன் நாயீவாலா சந்துகளில் பழைய வண்டிகளும் உதிரிப் பாகங்களும் குவிந்து கிடக்கின்றன. பெயரைக் கேட்டதும் நம் செவி நாயின் வாலை எண்ணிச் சிரிக்கும். இந்தியில் அது நாவிதரைக் குறிக்கும் சொல்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கத்தானே வேண்டும்? எங்கள் பக்கத்துச் சந்தையில் காங்கேயம் காளைக்குப் பல், குளம்பு, சுழி, நடை எல்லாம் பார்ப்பார்கள். வண்டிக்கும் அப்படியே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். விற்பவர் "புது டயர்" என்று சத்தியம் செய்தாலும் ரப்பர் பொய் சொல்லாது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று ஐயுறுக.

தில்லியில் இன்னொரு கணக்கும் உண்டு. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டி இங்கே ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநாட்டியது. 2025இல் சில தளர்வுகள் வந்தன, ஆயினும் பி.எஸ். 3 தரத்துப் பழைய வண்டிகளுக்கு அந்தப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. என் வண்டிக்கு 2027இல் இங்கே கெடு முடிகிறது. அதற்குள் என்.ஓ.சி. பெற்றுத் தமிழ்நாட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் பளபளப்பைப் பார்த்து வாங்குபவர் வண்டியை அன்று, பழைய இரும்பையே வாங்குகிறார்.

அடுத்தது பழுது பார்ப்பு. என்னுடன் அமர்ந்து வேலை கற்றுத் தந்தவர் பீகாரிலிருந்து வந்த ஒரு மிஸ்திரி. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். "என்ன படிக்கிறாய்?" என்றார். "கெமிஸ்ட்ரி" என்றேன். "அப்படியானால் இந்தத் தொட்டிக்குள் ஏன் துரு பிடித்தது, சொல்" என்றார். நான் ஆக்சிசனேற்றத்தில் தொடங்கினேன். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது வரை போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதித் தொட்டியோடு மழைக்காலம் முழுதும் நிறுத்தி வைத்தார்கள். நிரப்பி வைத்திருந்தால் துரு ஏது?" என்றார். நான் சொன்னதும் அதுதான். ஆனால் அவர் சொன்னதில் நோயோடு மருந்தும் இருந்தது!

பிரேக் ஆயிலை மாற்றியபோது என் முறை வந்தது. கிளைக்கால் வகைத் திரவம் அது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 தரத்து ஆயில் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்காது. நீர் ஏறிய பிறகோ 155 பாகையிலேயே கொதிக்கக்கூடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறி அது கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அழுத்தத்தில் சுருங்கும். பிடி கைக்குள் வரும், வண்டி நிற்காது. இதைச் சொன்னபோது மிஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஆண்டுகள் ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரியும். ஏனென்று இன்றுதான் தெரிந்தது" என்றார். அவருக்கு 'எப்படி' தெரிந்திருந்தது. எனக்கு 'ஏன்' தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே பலகையில் அமர்ந்தால் அன்றோ கல்வி முழுமை பெறும்?

நம் ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். கருவி ஒன்று நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். திருகாணியைக் கழற்றுவது நம் வேலை அன்று என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. கையால் உழைப்பவன் கீழ், கணக்குப் போடுபவன் மேல் என்ற பழைய ஏணி அது. பட்டம் பெற்றும் அந்த ஏணியை நாம் இறக்கி வைக்கவில்லை.

ஒரு மறுப்பையும் மறைக்கலாகாது. தில்லியின் காற்றில் ஏற்கெனவே நஞ்சு மிகுதி. பழைய எஞ்சினை ஓட்டுவது முறையா? முறையாகச் சீர்செய்த எஞ்சின் சீர்கெட்டதைவிடக் குறைவாகப் புகைக்கும். எனினும் 2020 முதல் வரும் பி.எஸ். 6 வண்டிக்கு அது ஈடாகாது. ஆகவே அன்றாடம் நான் செல்வது மெட்ரோவில். வண்டி தொலைப் பயணத்துக்கு மட்டுமே.

இனி என் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அப்பா, நீங்கள் வெறுத்தது கறுத்த கையை அன்று. அந்தக் கைக்குக் கிடைத்த கூலியை. அந்தக் கையைக் கண்டு பிறர் காட்டிய முகச்சுளிப்பை. உங்கள் கோபம் நேர்மையானது. என் கை ஞாயிற்றுக்கிழமை கறுத்து, திங்கட்கிழமை சோப்பில் வெளுத்துவிடும். மிஸ்திரியின் கை வெளுப்பதில்லை. விரும்பிச் செய்யும் நான் அதைப் பெருமையாகப் பேசிவிட்டுப் போனால் அது வெறும் வேடிக்கை. அவர் கேட்ட கூலியை நூறு ரூபாய் குறைக்காமல் கொடுப்பதும், அவரை ஆசான் என்று அழைப்பதுமே என் கை கறுத்ததற்குப் பொருள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விழாதோறும் பேச்சாளரை அழைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஒருமுறை அந்த மிஸ்திரியை அழைப்போம். ஒரு பழைய எஞ்சினை நம் முன் பிரித்துப் பூட்டிக் காட்டட்டும். பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் தருவோம்.

படிப்பு முடிந்ததும் வண்டியில்தான் ஊர் திரும்புவேன். தில்லியைக் கடந்து செல்லும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை கரூர் வழியே கன்னியாகுமரி வரை போகிறது. பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, அப்பாவின் கையில் சாவியைக் கொடுப்பேன். எஞ்சின் ஒலியைக் கேட்டதும் எங்கே குறை என்று அவர் சொல்லிவிடுவார். அன்று இருவரும் சேர்ந்து அதைக் கழற்றுவோம்.