சிரிப்பவர்களிடம் ஒரு கேள்வி

‘தி எக்ஸோர்சிஸ்ட்’ படத்தைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது என்று சொல்வது நாகரிகமாகிவிட்டது. தலை பின்பக்கம் திரும்புவதும் பச்சை வாந்தியும் யாரைப் பயமுறுத்தும் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி: முழுப் படத்தையும் பார்த்தீர்களா? அல்லது ரிமோட்டை அழுத்திப் பேய் வரும் இடங்களை மட்டும் பார்த்தீர்களா?

கடந்த வாரம் இதை இறுவட்டில் மீண்டும் பார்த்தேன். வில்லியம் பிரிட்கின் இயக்கி, 1973 டிசம்பரில் வெளிவந்த படம். தனது 1971ஆம் ஆண்டு நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதிய வில்லியம் பீற்றர் பிளற்றி ஒஸ்கார் விருதும் பெற்றார். 122 நிமிடப் படத்தில் பேயோட்டும் சடங்கு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னர் நாம் காண்பது, மகளின் நோய்க்குக் காரணம் தேடி வைத்தியர்களிடம் அலையும் ஒரு தாயை. மூளையில் கோளாறு என்கிறார்கள், சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள், எதுவும் புலப்படவில்லை. கடைசியில் பேயோட்டிப் பார்க்கலாம் என்று யோசனை கூறுவதும் அதே வைத்தியர்கள்தான்! பேயின் எந்த வித்தையையும் விட அந்த வைத்தியசாலைக் காட்சியே என்னை நடுங்க வைத்தது.

மறுபுறம், உளமருத்துவமும் கற்ற குருவானவர் கராஸ். நியூயோர்க்கில் தனியே வாழ்ந்த அவருடைய வயோதிபத் தாய், பணவசதி இன்மையால் பொது வைத்தியசாலையின் மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்படுகிறார். பின்னர் தனிமையிலேயே இறக்கிறார். இரண்டொரு நாள் கழித்தே அது தெரியவருகிறது. பேய் கராஸைத் தாக்குவது இந்தக் காயத்தில்தான். தாயின் குரலிலேயே அவரிடம் முறையிடுகிறது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு அந்நிய நாட்டில் வாழும் நம்மவர் எவருக்கேனும் அந்த இடத்தில் சிரிப்பு வருமா?

பிரித்தானியாவில் 1980களின் பிற்பகுதியில் கடைகளிலிருந்து அகற்றப்பட்ட இப்படத்தின் வீடியோ, 1999இல்தான் தணிக்கைச் சான்றிதழுடன் மீண்டும் வந்தது. அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தடுத்தவர்களாவது படத்தின் வலிமையை உணர்ந்திருந்தார்கள்.

அதைக் குலைத்தது 2000ஆம் ஆண்டின் 132 நிமிட வடிவம். சிறுமி சிலந்திபோலப் படியிறங்கும் காட்சியைச் சேர்த்தார்கள். சமையலறையில் பேய் முகத்தைக் கணினியால் ஒட்டினார்கள். முந்திய வடிவத்தில், சடங்கின் இடைவேளையில் இரு குருக்களும் மாடிப்படியில் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். புதிய வடிவத்தில் முதியவர் மெரின், இச்சிறுமிக்கு ஏன் இது நேர்ந்தது என்பதற்கு விளக்கமே கொடுத்துவிடுகிறார். விடையற்ற கேள்வியின் பாரம் அத்துடன் இறங்கிவிடுகிறது.

பிளற்றியே விரும்பிய மாற்றங்கள் அல்லவா என்று வாதிடலாம். உண்மைதான். பேயே வென்றதாக மக்கள் எண்ணிவிடுவார்கள் என அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் பார்வையாளனைச் சந்தேகத்துடன் வீட்டுக்கு அனுப்பியதே 1973ஆம் ஆண்டுப் படத்தின் நேர்மை. எழுதியவரின் விருப்பம் என்பதற்காக அந்த நேர்மையைக் கைவிட வேண்டியதில்லை.

ஆகவே அந்த 122 நிமிட வடிவத்தைத் தேடி எடுங்கள். ரிமோட்டை எட்டத்தில் வைத்துவிட்டு, முதலிலிருந்து பாருங்கள். அதன் பின்னரும் சிரிப்பு வந்தால் எனக்கு எழுதுங்கள்.