திரை தெரியவில்லையா? பார்க்காதீர்கள்!

அந்தமான் போய்வரும் எங்கள் கொரட்டூர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே புகார். "ஸ்நார்க்கலிங் பண்ணும்போது வெயில்ல போன் ஸ்கிரீனே தெரியல சார். குத்துமதிப்பாத்தான் எடுத்தோம்." அடுத்த முறை இன்னும் பளிச்சென்ற திரையுள்ள போன் வாங்கப் போகிறார்களாம். வேண்டாம் ஐயா, காசை வீணாக்காதீர்கள். திரை தெரியாதது பெரிய குறையே இல்லை. அதைப் பார்த்தே தீருவேன் என்கிற பிடிவாதம்தான் குறை.

கொரட்டூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கே போன் திரை மங்கித்தான் தெரிகிறது. நடுக்கடலில் மட்டும் எப்படித் தெரியும்? போதாததற்கு அந்த பிளாஸ்டிக் பை. பைக்கும் போனுக்கும் நடுவே காற்று. ஒவ்வொரு பரப்பும் வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பி அடிக்கும். திரையில் மீன் தெரியாது, உங்கள் வெள்ளை பனியன்தான் தெரியும்.

திரை தெரியாதவர் என்ன செய்கிறார்? நிமிர்ந்து நிற்கிறார். ஹேவ்லாக் தீவின் (2018 முதல் சுவராஜ் தீவு) எலிஃபெண்ட் பீச்சில் என் கண்ணால் பார்த்தேன். போனை நிழலில் பிடித்துப் பார்க்க ஒரு தம்பி எழுந்து நின்றார். கால் ஊன்றியது பவளத்தின் மேல். கூட்டிவந்தவர் பையை மாட்டிவிட்டாரே தவிர, "கீழே நிற்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பவளப்பாறை என்பது பெயரில்தான் பாறை. உண்மையில் உயிருள்ள பிராணிகளின் குடியிருப்பு அது. உருண்டு திரளும் வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஒரு ஸ்கேல் அளவுப் பவளம் என்றால், நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் உழைத்த காலம் முழுக்க வளர்ந்தது என்று பொருள். ஒரு மிதியில் உடைந்துவிடும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், 2001-ல் பவளத்தையும் சேர்த்தார்கள். புலியின் முதுகில் நின்று யாராவது போட்டோ எடுப்பார்களா?

"கடல் சூடேறியே பவளம் சாகிறது, என் கால்தான் பெரிசா?" என்பார்கள். 2010-ல் அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்தது வெப்பத்தால்தான், மறுக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனை மிதிக்கலாம் என்று அதற்கு அர்த்தமா? கடல் சூட்டைக் கொரட்டூரிலிருந்து நாம் குறைத்துவிட முடியாது. காலைத் தூக்கிக்கொள்ள முடியும்.

படம் வேண்டுமா? கரையிலேயே கேமராவைத் திறந்து, அகலக் கோணம் வைத்து, வீடியோவை ஓடவிடுங்கள். நீருக்குள் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. படம் பிடிக்க வால்யூம் பட்டன் போதும். அடர் நிறச் சட்டை போடுங்கள், பிரதிபலிப்பு குறையும். திரையைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் குப்புற மிதந்தபடி, நீருக்குள்ளேயே, உங்கள் தலை நிழலில் பாருங்கள். மற்ற நேரமெல்லாம் போனை மீன் பக்கம் நீட்டிவிட்டு, கண்ணால் மீனைப் பாருங்கள். பத்து நிமிட வீடியோவில் நாலு நல்ல படம் தேறாமலா போகும்?

தேறாவிட்டால்தான் என்ன? அந்தமான் மீன் படம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. உடைந்த பவளத்தை எங்கே போய் வாங்குவீர்கள்?