மூலம் என்னும் திரை

பாலசமுத்திரத்துத் திண்ணைகளில் உடம்பைப் பற்றிய பேச்சுக்கு எந்நாளும் பஞ்சம் இருந்ததில்லை. சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது, ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் காலையில் போடுவதா இரவில் போடுவதா, முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் கேட்கும் என்பனவெல்லாம், தெற்கே பழனி மலைத்தொடர் நீலம் பூத்து நிற்க, கொய்யாத் தோப்புகளிலிருந்து திரும்பியவர்கள் பொழுது சாயும்வரை பேசித் தீர்க்கும் விஷயங்கள். ஆனால் ஒருவர் காலையில் வெளிக்குப் போன இடத்தில் ரத்தத்தைக் கண்டார் என்றால், அந்தச் செய்தி அவர் மனைவியின் காதைக்கூட எட்டுவதில்லை. லஜ்ஜை அதை விழுங்கிவிடுகிறது. தப்பித் தவறி வெளியே வந்தாலும் ‘மூலம்’ என்ற ஒற்றை வார்த்தைக்குள் அது புகுந்துகொள்ள, ‘சூட்டு உடம்பு, மோர் நிறையக் குடி’ என்ற உபதேசத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு தோப்புக் குத்தகைக்காரர் இருக்கிறார். இரண்டு வருஷ காலம் அவர் அந்த வார்த்தையை நம்பியே வாழ்ந்தார். பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களில் ஒன்று காட்டிய வழியே போய், பொட்டலம் பொட்டலமாக மருந்து வாங்கித் தின்றார். உடம்பு இளைத்தது, முகம் வெளிறியது, மலம் கழித்து வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோன்ற உணர்ச்சி ஓயாமல் வாட்டியது. யாரோ வற்புறுத்தியதன்பேரில் ஒரு டாக்டரிடம் போனபோது, அவர் கையுறை மாட்டிய ஒரே விரலால், அரை நிமிஷத்தில், ஆசனவாய்க்குச் சற்று மேலே இருந்த கட்டியைத் தொட்டுணர்ந்துவிட்டார். இரண்டு வருஷமாக ஒருவரும் செய்யாத, கருவி எதுவும் வேண்டாத பரிசோதனை அது. ‘தினமும் கொய்யா தின்கிறவனுக்கா குடலில் நோய் வரும்?’ என்று குத்தகைக்காரர் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் நிற்கிறது. நார்ச்சத்துள்ள உணவு குடல் புற்றுநோயின் அபாயத்தைக் குறைக்கும் என்பது உண்மையே. எனினும் அது கவசமாகிவிடாது. வயது, பரம்பரை, புகை, மது, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி என்று காரணங்கள் பல. இவற்றில் ஒன்றும் இல்லாதவரையும் இந்நோய் தீண்டுவதுண்டு.

பெருங்குடல் என்பது சுமார் ஐந்தடி நீளமுள்ள ஒரு குழாய். அதன் உட்சுவரில், பெரும்பாலும் நடுவயதுக்குப் பின், ‘பாலிப்’ எனப்படும் சிறு சதைமொட்டுகள் அரும்புகின்றன. அவற்றில் பல தீங்கற்றவையாகவே இருந்துவிட, சில மட்டும் மெல்ல மெல்ல, சுமார் பத்து வருஷ காலத்தில், புற்றாக மாறுகின்றன. இந்தத் தாமதத்தில்தான் நம்முடைய பாக்கியம் இருக்கிறது. வேறு பல புற்றுநோய்கள் நமக்கு இத்தனை அவகாசம் தருவதில்லை. மொட்டாக இருக்கையிலேயே கண்டு களைந்துவிட்டால் அந்த மொட்டிலிருந்து புற்று பிறக்க வழியே இல்லை. குடலின் சுவருக்குள் அடங்கியிருக்கும்போது கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்குகளின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பிறகு கண்டுபிடித்தாலோ அந்த எண்ணிக்கை நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குச் சரிந்துவிடுகிறது. உலகம் முழுவதிலும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. 9 லட்சம் பேர் அதனால் மாண்டார்கள்.

இந்தக் குடல்நோய்க்கும் தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவ சரித்திரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பலர் அறியார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை, மலக்குடல் புற்றுக்கே இரையானார். மாகாணமே மதித்த ஒரு வைத்தியரின் குடும்பத்தில், அவர் கண் முன்னே, அவர் கற்ற வித்தையெல்லாம் கைகட்டி நிற்க, அந்த இளம் உயிர் பிரிந்தது. அந்தத் துக்கத்தை ஒரு சங்கற்பமாக மாற்றி, முப்பது ஆண்டுகள் அதைக் கைவிடாமல் காத்து, 1952-இல் பிரதமர் நேருவைக் கொண்டு அஸ்திவாரக் கல் நாட்டுவித்து, 1954-இல் பன்னிரண்டே படுக்கைகளோடு அவர் தோற்றுவித்ததுதான் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. மறு வருஷம் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்மூடும்வரை அதையே தம் இல்லமாகக் கொண்டார். ஒரு குடல்நோயின் சோகத்தில் வித்தூன்றப்பட்ட அந்த ஸ்தாபனம் இருக்கும் ராஜ்யத்தில், அதே நோயைப் பற்றி வாய் திறக்க இன்றும் நாம் கூசுகிறோம் என்பது எவ்வளவு பெரிய முரண்!

ரத்தம் வருவதெல்லாம் புற்று என்று நான் பயமுறுத்த வரவில்லை. பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலம் என்ற முடிவு பரிசோதித்த பிறகு சொல்லப்பட வேண்டியது. பரிசோதனையைத் தவிர்ப்பதற்காகச் சொல்லப்படலாகாது. குடலின் இடப்புறத்தில் கட்டி இருந்தால் மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வரலாம். மலம் நாடாப்போல் மெலியலாம். வலப்புறத்தில் இருந்தாலோ கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து, ரத்தசோகை ஒன்றே அடையாளமாக நிற்கலாம். ஆகவே, ஐம்பதைக் கடந்த ஓர் ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற ஒரு பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருக்கக் கண்டால், சத்து மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், அந்த ரத்தம் எங்கே போயிற்று என்று கேட்பதே வைத்திய தர்மம்.

நிச்சயிக்கும் முறை ‘கொலோனோஸ்கோபி’. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொண்டு சென்றால், காமிரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தி உட்சுவர் முழுவதையும் பார்த்துவிடுகிறார்கள். மொட்டு இருந்தால் அப்போதே அகற்றுகிறார்கள். சந்தேகமான சதையைக் கிள்ளிப் பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். புற்று என்று ஊர்ஜிதமானால் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் சொல்லும். பெருங்குடலில் உள்ள கட்டிக்கு அறுவை சிகிச்சையே பிரதானம். நிணநீர்க் கணுக்களில் நோய் புகுந்திருந்தால் அதன்பின் சில மாதங்கள் மருந்து ஏற்றுகிறார்கள். மலக்குடலில் முற்றிய கட்டிக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு முன்னதாகவும் கத்தி பின்னதாகவும் வருகின்றன. வயிற்றில் பை மாட்டிவிடுவார்களே என்ற அச்சம் பலரை ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பிவிடுகிறது. ஆனால் அந்தப் பை பலருக்குச் சில மாதங்களுக்கு மட்டுமே தேவைப்படுகிறது. நிரந்தரமாகத் தேவைப்பட்டவர்களும் அதோடு உழைத்து வாழ்கிறார்கள். செலவைப் பொறுத்தவரை, தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

இனி, சர்க்காரை நோக்கி ஒரு விண்ணப்பம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விசாரிக்கிறார்கள். வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றின் புற்றையும் கண்டறியத் தேசிய அளவில் ஏற்பாடு உண்டு. குடல் அந்த வரிசையில் இல்லை. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஜப்பான் 1992 முதல் அதைத் தேசியத் திட்டமாகவே நடத்தி வருகிறது. இங்கிலாந்தில் அதற்கான சிறு பெட்டி தபாலில் வீடு தேடி வருகிறது. நம் நாட்டில் இந்நோய் மேல்நாடுகளில் உள்ள அளவுக்கு இல்லையே, கொலோனோஸ்கோபி செய்யும் நிபுணர்களும் சொற்பம்தானே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபம் நியாயமானதே. அதனால்தான் எல்லாருக்கும் குழாயைச் செலுத்தச் சொல்லவில்லை. ஐம்பதைக் கடந்தவர்களிடமும், பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்தவர்களிடமும், அந்தத் தன்னார்வலப் பெண் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கட்டும்: ரத்தம் உண்டா, மலப் பழக்கம் மாறியதா, எடை குறைந்ததா? ‘ஆம்’ என்பவருக்கு டாக்டரின் விரல் பரிசோதனையும் ரத்தசோகைச் சோதனையும் உடனே நடக்கட்டும். அறிகுறி இல்லாதவர்களுக்கு மலச் சோதனையை ஒரு மாவட்டத்திலாவது தொடங்கிப் பார்க்கட்டும். குழாய்ப் பரிசோதனை, இவற்றால் சந்தேகத்துக்கு உள்ளானவர்களுக்கு மட்டும் போதும்.

ஆனால் கேள்வி கேட்க ஆள் வந்தாலும் பதில் சொல்ல வாய் வேண்டுமே! எங்கள் தெருக் குத்தகைக்காரர் மதுரைக்குப் போய், கதிர்வீச்சும் அறுவையும் முடித்து, சில மாதங்கள் பையோடு இருந்து, அதுவும் நீங்கப்பெற்று, மறுபடியும் தோப்புக்குப் போய் வருகிறார். டீக்கடை பெஞ்சில் யாராவது ‘மூலம்’ என்று குரலைத் தாழ்த்தினால், அவர் தம் குரலை உயர்த்தி, ‘மூலமின்னு சொன்னது ஆரு? டாக்டர் கைவெச்சுப் பாத்தாரா?’ என்று கேட்கிறார். முதலில் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர், யாரிடமும் சொல்லாமல், பழனி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். பரிசோதித்துப் பார்த்ததில் அவருக்கு இருந்தது மூலம்தான். திரும்பி வந்தவர் அதைக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து உரக்கச் சொன்னார்.