பிழைப்பவர் தொண்ணூறா? சாகிறவர் பத்தா?

"என் கண்ணால் பார்த்தேன், என் புத்தியால் யோசித்தேன், வேறென்ன அத்தாட்சி வேண்டும்?" என்று மார்தட்டுகிறவர்கள் நம்மில் அநேகர். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம்.

ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளைக் காகிதத்தில் போடுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்பு நுனியைப் போல் உள்ளே மடிந்த சிறு கோடுகளையும், மற்றதன் முனைகளில் வெளியே விரிந்த சிறு கோடுகளையும் சேருங்கள். வெளியே விரிந்ததுதான் நீளமாகத் தோன்றும். அளவுகோல் வைத்து அளந்து, இரண்டும் ஒன்றே என்று தெரிந்துகொண்ட பின்பும் அப்படியேதான் தோன்றும். முல்லர்-லையர் என்னும் ஜெர்மானியர் 1889-லேயே எடுத்துக்காட்டிய விஷயம் இது.

கண்ணின் யோக்கியதை இதுவென்றால், புத்தியின் யோக்கியதை என்ன? 1982-ல் அமெரிக்காவில் மக்நீல், டிவெர்ஸ்கி முதலிய ஆராய்ச்சியாளர்கள் அதையும் சோதித்து வெளியிட்டார்கள். "உங்களுக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டால் ரண சிகிச்சை செய்துகொள்வீர்களா, கதிர் சிகிச்சை செய்துகொள்வீர்களா?" என்பது கேள்வி.

சிலரிடம் பிழைப்பவர் கணக்கைச் சொன்னார்கள். ரண சிகிச்சையில் 100 பேரில் 90 பேர் பிழைத்தெழுவார்கள். ஓராண்டு முடிவில் 68 பேரும், ஐந்தாண்டு முடிவில் 34 பேரும் உயிரோடிருப்பார்கள். கதிர் சிகிச்சையில் 100 பேரும் பிழைத்தெழுவார்கள். ஓராண்டு முடிவில் 77 பேரும், ஐந்தாண்டு முடிவில் 22 பேரும் இருப்பார்கள். வேறு சிலரிடம் இதே கணக்கைச் சாகிறவர் கணக்காகத் திருப்பி, ரண சிகிச்சையின்போது 10 பேர் சாவார்கள், கதிர் சிகிச்சையின்போது ஒருவரும் சாகார் என்பதாகச் சொன்னார்கள்.

பலன் என்ன? முதற் கூட்டத்தில் கதிர் சிகிச்சையைக் கேட்டவர்கள் 100-க்கு 18 பேர். இரண்டாங் கூட்டத்திலோ 44 பேர்! நோய் மாறவில்லை; எண்ணும் மாறவில்லை; சொன்ன மாதிரிதான் மாறிற்று. "சாவு" என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் ஐந்தாண்டுக் கணக்கு அநேகருக்கு மறந்துபோயிற்று.

இது விவரமறியாத ஜனங்களின் குறை என்று சிலர் சொல்லக்கூடும். அதுதான் இல்லை. அந்தச் சோதனையில் டாக்டர்களும் இருந்தார்கள். புள்ளிக்கணக்குப் படித்த மாணவர்களும் இருந்தார்கள். சாதாரண நோயாளிகளைவிட அவர்கள் குறைவாக ஏமாறவில்லை. ஆகவே, பட்டம் இதற்கு மருந்தல்ல.

நிற்க, "அப்படியானால் புத்தியை நம்பிப் பயனில்லையே?" என்று சிலர் கிளம்பலாம். புத்தியின் இந்தக் குறையைக் கண்டுபிடித்தது எது? புத்திதானே! கோணலைக் கண்ணால் நிமிர்த்த முடியாது, அளவுகோலால் முடியும். இதற்கும் அளவுகோல் உண்டு. எவர் எந்தக் கணக்கைச் சொன்னாலும், அதை ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். 90 பேர் பிழைப்பார்கள் என்றால், 10 பேர் சாவார்களா என்று கேளுங்கள். 10 பேர் சாவார்கள் என்றால், எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று கேளுங்கள். இன்றைக்கு மாத்திரமா, ஐந்தாண்டுக்குப் பிறகுமா என்றும் கேளுங்கள்.

கத்தி வைப்பதற்குமுன் நோயாளியிடம் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தக் காகிதத்தில் இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒரு பக்கத்தை மாத்திரம் காட்டி வாங்கிய சம்மதம் சம்மதமாகுமா? போகிற உயிர் கையெழுத்துப் போட்டவனுடையதல்லவா? யோசித்துப் பாருங்கள்!