கருணை போதாது

"அகதிகளுக்கென்று தனிச் சட்டம் எதற்கு? சட்டம் இல்லாமலேயே எல்லோரையும் அரவணைத்த நாடு இது." தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடையிலும் கட்சி வேறுபாடின்றிக் கேட்கிற வாதம் இது. 1959இல் திபெத்தியர், 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர், 1983 ஜூலைக்குப் பின் ஈழத்தமிழர் என்று பட்டியலும் கூடவே வரும். பட்டியலில் பொய் இல்லை. ஆனால் அதைக் காட்டிச் சட்டம் வேண்டாம் என்று சொல்வது பெரும் பிழை. அந்தப் பிழையின் விலையை நம் கண்ணெதிரே ஒரு தலைமுறை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகள் சட்டம் கிடையாது. ஆகவே உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரும், விசா முடிந்தும் ஊர் திரும்பாத சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். யாரை எப்படி நடத்துவது என்பதை அவ்வப்போது வரும் அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் தீர்மானிக்கின்றன.

அதன் விளைவைப் பார்க்கத் தமிழ்நாட்டைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 1983இல் ராமேசுவரத்தில் வந்திறங்கியவர்களுக்காகத் தமிழ்நாடே கொதித்தெழுந்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கும் மண்டபம் முகாமில் கைக்குழந்தையோடு இருந்த தாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் முகாம்களில் கெடுபிடி இறுகியது. 1992 தொடங்கி ஆயிரக்கணக்கானோர், போர் ஓயாத தீவுக்கே திருப்பியனுப்பப்பட்டார்கள். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று விசாரிக்க ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அனுமதித்ததே, கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற புகார்கள் எழுந்த பிறகுதான். 1983க்கும் 1991க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் இலங்கையில் போர் ஓய்ந்துவிடவில்லை. இவர்களின் அச்சமும் குறையவில்லை. நம் அரசின் மனம்தான் மாறியது. ஆட்சியாளர் முகம் சுளித்தால் பறிபோகிற ஒன்றை அடைக்கலம் என்று எப்படிச் சொல்வது?

இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். பணக்கொடை வருகிறது, ரேஷன் வருகிறது. 2021இல் அகதி முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றப்பட்டன. புதிய வீடுகளும் கட்டித் தரப்படுகின்றன. மாநில அரசு செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீட்டில் வளர்கிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை? 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர் குடியுரிமை பெறப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது: தாய் இந்தியராகவே இருந்தாலும், தந்தை 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ஷெல்லடிக்கு நடுவே கடவுச்சீட்டைத் தேடி எடுக்க முடியாமல் ஓடிவந்தவருக்குத்தான் அந்தப் பட்டம். எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024இல் முதல்முறையாக வாக்களித்தார். அதே முகாமில் இரண்டு ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் அந்தக் கதவும் அவருக்கு அடைபட்டிருக்கும்.

நாட்டின் பாதுகாப்பு முக்கியமில்லையா என்று கேட்பார்கள். முக்கியம்தான். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையே போர்க்குற்றவாளிக்கு அகதி நிலை இல்லை என்கிறது. நாட்டுக்கு ஆபத்தானவரை வெளியேற்றவும் இடம் தருகிறது. ஒவ்வொருவரையும் விசாரித்துப் பிரித்தறியும் முறை இருந்தால்தான் ஆபத்தானவர் யாரென்றே தெரியும். அது இல்லாததால் ஒரு குற்றமும் செய்யாத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காவல்துறையின் கியூ பிரிவுக் கண்காணிப்பில் வாழ்கின்றன. இதனால் எந்தப் பாதுகாப்பு கூடியது?

அரசால் முடியாது என்பதும் உண்மையல்ல. 2019இல் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினரைக் குடியுரிமைச் சட்டத்தின் ஒரே திருத்தத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டத்திலிருந்து நாடாளுமன்றம் விடுவித்தது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. முகாம்களில் இருக்கும் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் அந்தத் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றம், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் வாய்மொழியாகக் கருத்துச் சொன்னது. சத்திரத்தில் தங்கியவரைத்தான் எந்த நேரமும் எழுப்பி அனுப்பலாம். நாற்பது ஆண்டுகளாக இவர்களை நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. வரவேற்கிறேன். ஆனால் அதுவும் ஓர் ஆணைதான். இன்னொரு ஆணை அதைத் திரும்பப் பெறலாம். 2022இல் பொருளாதார நெருக்கடிக்கு அஞ்சித் தனுஷ்கோடி மணல்திட்டில் குழந்தைகளோடு இறங்கியவர்களுக்கு அதில் இடமே இல்லை. அடைக்கலம் கேட்டு வருபவர் யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாளில் பதில் வர வேண்டும், மறுத்தால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது, எத்தனை ஆண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம் என்பதை நாடாளுமன்றம் சட்டமாக எழுத வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் இதை அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டும்.