கலையும் கட்டடம், நிலைக்கும் படம்

சிற்பி கல்லைச் செதுக்குகிறான். வேண்டாத பகுதி உதிர்ந்துபோக, வேண்டிய உருவம் எஞ்சி நிற்கிறது. குயவன் வனைந்த கலம் சூளையில் வெந்தபின் மீண்டும் களிமண்ணாவதில்லை. பெரும்பாலான கைவினைகளின் இயல்பு இதுவே: பொருள் ஒருமுறை பெற்ற உருவத்திலேயே நின்றுவிடும். ஆனால், இன்று செய்ததை நாளை குலைத்து, அதே பொருளைக்கொண்டு முற்றிலும் வேறான ஒன்றை ஆக்கக்கூடிய கலையும் ஒன்றுண்டு. சிறுவரின் விளையாட்டாகத் தோன்றி, இன்று முதியோரும் ஈடுபடும் படைப்புத்துறையாக வளர்ந்துள்ள லெகோக் கட்டைக் கலையே அது. அக்கலையை எவ்வாறு சுவைப்பது, எவ்வாறு படம்பிடித்துப் போற்றுவது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

இக்கட்டைகளின் தாயகம் டென்மார்க் நாட்டிலுள்ள பில்லுண்ட் என்னும் சிற்றூர். ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்னும் தச்சர் 1932ஆம் ஆண்டில் அங்கே மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிய மொழிச் சொற்களின் முற்பகுதிகள் இணைந்து 1934இல் 'லெகோ' என்ற பெயர் பிறந்தது. பிளாஸ்டிக் கட்டைகள் 1949இல் வெளிவந்தன. அவற்றின் உட்புறம் வெறுமையாக இருந்தமையால், ஒன்றின்மேல் ஒன்று உறுதியாகப் பற்றி நிற்கவில்லை. மேலே குமிழ்களும் உள்ளே சிறு குழாய்களும் கொண்ட அமைப்புக்கு 1958 சனவரி 28ஆம் நாள் உரிமைப் பதிவு கோரப்பட்ட பின்னரே அக்குறை நீங்கிற்று. அவ்வமைப்பு இன்றுவரை மாறவில்லை. பாட்டனார் விளையாடிய கட்டையின்மேல் பேரன் இன்று வாங்கிய கட்டையைப் பொருத்தலாம்.

எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறினை எத்தனை விதமாக இணைக்கலாம்? கணினியின் துணையோடு கணிதவியலாளர் எண்ணிக் கண்ட விடை 915,103,765. அதாவது, தொண்ணூற்றொரு கோடிக்கும் மேல்! ஆறு கட்டைகளுக்கே இவ்வளவு வழிகள் திறந்திருக்கின்றன. அவ்வாறாயின், பெட்டியோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தின்படி ஒருமுறை அடுக்கி, அதனை அலுமாரியில் பூட்டிவைப்பதோடு நிறைவடைந்துவிடலாமா? பார்த்தெழுதுதல் கையெழுத்தைத் திருத்தும். ஆயினும் அது கட்டுரையாகிவிடாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் மனத்திலுள்ளதைத் தானே ஆக்க முற்படும்போதுதான் ஒருவன் படைப்பாளியாகின்றான்.

இத்தகைய படைப்பைக் காணும்போது பலரும் முதலில் வினவுவது, "எத்தனை கட்டைகள்? என்ன விலை?" என்பதாகும். இவை கடைக்காரருக்குரிய வினாக்கள். சுவைஞன் வினவவேண்டியவை வேறு.

ஒரு பொருள் அதற்குரிய வேலையை விட்டு வேறு எவ்வேலையைச் செய்கின்றது என்பதே முதல் வினா. லெகோ நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட போன்சாய் மரத்தில், இளஞ்சிவப்பு மலர்களாக நிற்பவை உண்மையில் சின்னஞ்சிறு தவளைகள்! எட்ட நின்று பார்த்தால் மலர். கிட்ட வந்து பார்த்தால் தவளை. பிறை வடிவான வெண்ணிற ரொட்டித் துண்டுகளை மாளிகை முகப்பின் சுருள் அலங்காரமாக வைக்கும் கலைஞரும் உளர். புலவன் பழகிய சொல்லைப் புதிய இடத்தில் வைத்துப் பொருள் சிறக்கச் செய்வதைப் போன்றது இது.

இரண்டாவது வினா, அளவு பற்றியது. கட்டையொன்றின் உயரம் 9.6 மில்லிமீற்றர். மெல்லிய தட்டு அதன் மூன்றிலொரு பங்கு, 3.2 மில்லிமீற்றர். குமிழுக்குக் குமிழ் இடைத்தூரம் 8 மில்லிமீற்றர். இனி, ஐந்து தட்டுகளை அடுக்கிப் பாருங்கள். உயரம் 16 மில்லிமீற்றராகும். அது சரியாக இரண்டு குமிழ்களின் அகலம். ஆகவே, சில கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினாலும் இடைவெளியின்றிக் கச்சிதமாக அமர்ந்துவிடும். குமிழ்கள் யாவும் மேல்நோக்கியே இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இவ்வாறு தளர்ந்துவிடுகிறது. வழுவழுப்பான ஒரு சுவரையோ வளைந்த ஒரு கூரையையோ கண்டால், அதனுள்ளே இத்தகைய கணக்கொன்று மறைந்திருப்பதை உணர்தல் வேண்டும்.

மூன்றாவது வினா, உணர்ச்சி பற்றியது. அமெரிக்கரான மைக் டொயில், கைவிடப்பட்டுச் சிதைந்துபோன பழங்கால வீடுகளை இக்கட்டைகளால் அமைத்துப் புகழ்பெற்றவர். சாய்ந்த தூண், பெயர்ந்த பலகை, இடிந்த கூரை ஆகியவற்றை, விளிம்பு சற்றும் தேயாத கட்டைகளால் ஆக்கிக்காட்டுவது எளிதன்று. காண்போர் உள்ளத்தில், அவ்வீட்டில் வாழ்ந்தோர் எங்கே சென்றனரோ என்ற ஏக்கம் எழுகின்றதே, அதுவே கலையின் வெற்றி.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. விடியலில் இட்ட கோலம் பகலில் கால்பட்டு மறைவதுபோல, இப்படைப்புகளும் நெடுநாள் நிற்பதில்லை. அடுத்த படைப்புக்கு அதே கட்டைகள் வேண்டும். வீட்டில் இடமும் வேண்டும். ஆகவே பல நாள் உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. எஞ்சுவது புகைப்படம் ஒன்றே. தொலைவில் உள்ளோர் அப்படைப்பை அறிவதும் அப்படத்தினூடாகவே. படம் பழுதாயின் படைப்பும் பழுதாகவே கருதப்படும். ஆதலால் நன்றாகப் படம்பிடித்தல் இக்கலைக்குப் புறம்பான வேலையன்று. அதன் நிறைவுப் பகுதியாகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியே போதும். வேண்டியது பொறுமையும் சில விதிகளும்.

கட்டை மனிதனின் உயரம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். நாம் நின்றபடி மேலிருந்து படமெடுத்தால், அவன் மேசைமேற் கிடக்கும் பொம்மையாகவே தோன்றுவான். கமராவை அவனுடைய கண்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். வீடு உயர்ந்து நிற்கும், வீதி நீண்டு செல்லும். மிக அருகில் வைத்து எடுப்பதும் தவறு. வில்லை பொருளை நெருங்க நெருங்க, தெளிவாகத் தெரியும் பகுதி ஒடுங்கிவிடும். கதவு தெளிவாயிருக்கச் சாளரம் மங்கும். சற்றுப் பின்வாங்கி நின்று எடுத்து, வேண்டிய பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்வதே நன்று. கமராவாயின் துவாரத்தைச் சிறிதாக்கி, முக்காலியில் நிறுத்தி எடுத்தல் வேண்டும்.

பளபளப்பான பிளாஸ்டிக்கின்மீது கமராவின் மின்னொளி நேராகப் பட்டால், அது தெறித்து வெள்ளைத் திட்டாகப் படத்தைக் கெடுக்கும். மின்னொளியை நிறுத்திவிட்டு, சாளரத்தருகே வைத்துப் பகலொளியில் எடுங்கள். வெயில் கடுமையாயின், மெல்லிய வெள்ளை வேட்டியொன்றைச் சாளரத்தில் தொங்கவிடலாம். மறுபக்கத்தில் வெள்ளை அட்டையொன்றை நிறுத்தினால் நிழலின் கருமை குறையும். பெரிய தாளொன்றைச் சுவரிலிருந்து மேசைவரை மடிப்பு விழாது வளைத்து விரித்தால் பின்னணி தூய்மையாகும். படமெடுக்குமுன் தூசியை மென்தூரிகையால் அகற்றுக. கண்ணுக்குத் தெரியாத தூசியும் விரலடையாளமும் படத்தில் பெரிதாகத் தெரியும்.

ஒளியின் ஆற்றலுக்குச் சான்று வேண்டுமாயின், ஆங்கிலேயப் படக்கலைஞர் மைக் ஸ்ரிம்ப்சனின் படங்களைக் காண்க. பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிறெசோன், பரிசு நகரின் சென் லாசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில், தேங்கிய நீரைத் தாண்டிப் பாயும் ஒருவனை 1932இல் படம்பிடித்தார். உலகறிந்த அப்படத்தை ஸ்ரிம்ப்சன் லெகோ மனிதனைக்கொண்டு மீண்டும் அமைத்துக் காட்டினார். முகபாவம் மாறாத, முழங்கால் மடங்காத பொம்மை அது. ஆயினும், கால் நீரைத் தொடுமுன் உள்ள அக்கணத்தின் பதைப்பு அங்கே தோன்றுகிறது. அதனைத் தருபவை ஒளியும், நிழலும், பொருளை வைத்த இடமும் அன்றி வேறில்லை.

பெற்றோருக்கு ஒன்று கூறுவேன். "அப்பா, இதைப் பாருங்கோ" என்று பிள்ளை அழைக்கும்போது, "நல்லது" என்று சொல்லி அப்பாற் செல்லாதீர்கள். அருகிலமர்ந்து, "இந்த வளைவை எப்படி அமைத்தாய்?" என்று கேளுங்கள். விடை சொல்லும்போது பிள்ளை தன் சிந்தனையைத் தானே அறிந்துகொள்ளும். பின்னர் இருவருமாகப் படமெடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். முன்புறம், பின்புறம், குலைக்கும்போது வெளிப்படும் உள்ளமைப்பு ஆகிய எல்லாவற்றையும் எடுத்து, நாளும் பெயரும் எழுதி ஒரு கொப்பியில் ஒட்டிவையுங்கள். சில ஆண்டுகளில் அது ஒரு மனத்தின் வளர்ச்சி வரலாறாகும்.

அதன்பின் கட்டைகளைக் குலைப்பதற்குப் பிள்ளை அழாது. முன்னர்ச் செய்தது ஏட்டில் இருக்கின்றது. இனிச் செய்யவேண்டியது பெட்டியில் இருக்கின்றது. குலைப்பதற்கு அஞ்சாதவனே புதிதாக ஆக்க வல்லவன்.