ஊரா, காலனியா என்று கேட்கிற நகரம்

போன ஆடி மாதம் ஒரு தோழருக்கு வாடகை வீடு தேடி ஒரகடம் பக்கம் சுற்றினோம். ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள், வீடு காலியாகக் கிடக்கும், அட்வான்ஸைக் கொஞ்சம் குறைத்துப் பேசலாம் என்று கணக்கு. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை. கார் கம்பெனிக்குப் பாகம் செய்துகொடுக்கிற ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. மாடியில் தகர ஷீட் போட்ட ஒரு போர்ஷன். வீட்டுக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"எந்த ஊருப்பா?"

"செய்யாறு பக்கம்ங்க."

"செய்யாறு பக்கம்னா?"

ஊர்ப் பேரைச் சொன்னான்.

"அட, நமக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்கப்பா. நீ ஊருலயா, காலனிலயா?"

அவன் பொய் சொல்லவில்லை. வேறொருத்தர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனது அந்த நிமிஷம்தான் பெரியவருக்கு ஞாபகம் வந்தது.

அதே வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பீகார்ப் பையன்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. அவர்களிடம் யாரும் ஊரா, காலனியா என்று கேட்கவில்லை. கேட்டாலும் வரும் பதில் இவருக்கு விளங்காது. மிஸ்ரா என்றாலும் பாஸ்வான் என்றாலும் இவருக்கு ஒன்றுதான், 'இந்திக்காரப் பசங்க'. பீகாரில் பாஸ்வான் என்றால் யார் என்று அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இங்கே அந்தப் பேரைப் படிக்க ஆளில்லை. ஆயிரம் மைல் தாண்டி வந்த தலித்துக்கு வீடு கிடைக்கிறது, ஒரு பஸ் தூரத்திலிருந்து வந்த தலித்துக்குக் கிடைக்கவில்லை. இதுதான் தோழர்களே, பலதரப்பட்ட மக்கள் கலந்து வாழ்வதாகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளுகிற நகரம்.

1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்து இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கொரியாக்காரருக்கு ஓட்டல், ஜப்பான்காரருக்கு அடுக்குமாடி, ஒடிசா, அசாம், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு லைன் வீடு. குட்டி உலகமாம். நம்மவர்களிலும் சிலர், நகரம் வந்தால் சாதி தானே கரையும் என்று எழுதுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கும்பல், ஏரி போச்சே, நெல்லு போச்சே, நம்ம கிராமம் போச்சே என்று ஒப்பாரி வைக்கிறது. யாருடைய கிராமம்? 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தின் யோக்கியதையை அம்பேத்கர் தோலுரித்துக் காட்டிவிட்டார். அந்த ஒப்பாரியில் நமக்குப் பங்கு கிடையாது.

நகரம் கொடுத்ததை மறைக்கவும் வேண்டாம். மாசம் பிறந்தால் சம்பளம் பேங்கில் விழுகிறது, ஆண்டை வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நிற்க வேண்டியதில்லை. ஷிப்ட் பஸ்ஸில் எவன் பக்கத்திலும் உட்காரலாம். யூனிபார்ம் போட்டால் ஆளுக்கு ஒரு நம்பர்தான். நம் பெண்பிள்ளைகள் தங்கள் கையால் சம்பாதித்து, செல்போனில் தாங்களே முடிவெடுத்துப் பேசுகிறார்கள். சில கல்யாணங்களும் நடந்திருக்கின்றன, ஊரில் நடந்திருந்தால் வெட்டுக்குத்தில் முடிந்திருக்கும். இது சின்ன விஷயமில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்ததைக் கேட்டு, ராத்திரியில் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, எந்த ஊர்த் தெருவில் அது நடந்திருக்கும்?

ஆனால் இந்தச் சுதந்திரம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சாதி ஒழிந்ததால் கிடைத்ததல்ல இது, எதிரே இருப்பவனுக்கு நம்மைப் படிக்கத் தெரியாததால் கிடைத்தது. படித்துவிட்டால் அன்றோடு முடிந்தது. அந்த பாஸ்வான் பையனையும், அவன் மாவட்டத்திலிருந்தே ஆள் பிடித்து வந்த மேஸ்திரி முதல் நாளே படித்துவிடுவான். யாருக்குக் கழிவறை வேலை, யாருக்கு மெஷின் என்று அவன்தானே சொல்கிறான்.

அம்பேத்கருக்கு நடந்ததும் இதேதான். அமெரிக்காவில் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் ஒளிந்திருந்தார். பத்து நாள் போயிற்று. பதினோராவது நாள் தடியோடு வந்து நின்றார்கள். நூறு வருஷம் தாண்டியும் நம் பிள்ளைகள் போர்ஷன் கேட்கப் போகும்போது ஊர்ப் பேரை மாற்றிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். சாமி படத்தை வாசலில் மாட்டு, அம்பேத்கர் படத்தைப் பெட்டியில் வை என்று தாயே சொல்லி அனுப்புகிறாள். ஸ்ரீபெரும்புதூர், கோபுரமேறி எல்லோருக்கும் மந்திரம் சொன்னதாகக் கதை சொல்லப்படும் ராமானுஜர் பிறந்த ஊராம். மந்திரம் கிடைத்தது, மாடிப் போர்ஷன் கிடைக்கவில்லை.

இந்த மாடிப் போர்ஷன்கள் யாருடையவை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது நஷ்டஈடு பட்டாவுக்குப் போனது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட கைக்குப் போகவில்லை. பட்டா வைத்திருந்தவர் லைன் வீடு கட்டினார், வேன் வாங்கி கம்பெனிக்கு விட்டார், லேபர் கான்ட்ராக்ட் எடுத்தார். நட்ட கை இன்று கம்பெனிப் புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது, அதுவும் அவருடைய கான்ட்ராக்டில்! குத்தகை போய் வாடகை வந்திருக்கிறது, வாங்குகிற கை மாறவில்லை.

பட்டா ஏன் நம்மிடம் இல்லை என்பதற்கும் வரலாறு உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதியது இந்த மாவட்டத்துப் பறையர்களைப் பார்த்துத்தான். ஸ்ரீபெரும்புதூரும் அன்றைக்கு அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம். அந்த நிலம் எங்கே என்று கேட்டதற்கு, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். கேள்வி சாகவில்லை. வல்லத்திலும் வடகாலிலும் மாத்தூரிலும் இன்று வேலி போட்ட நிலங்களில் எந்தெந்த சர்வே நம்பர் டி.சி. நிலம்? சட்டசபையில் ஸ்ரீபெரும்புதூர் தனித்தொகுதி, பாராளுமன்றத்தில் காஞ்சிபுரம் தனித்தொகுதி. நம் ஆட்கள்தான் ஜெயித்துப் போகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி நாம் அவர்களை எத்தனை தரம் மறித்திருக்கிறோம்?

இதற்கு நடுவில் 'வடக்கனை விரட்டு' என்று ஒரு கூச்சல். நம் இளைஞர்கள் சிலரும் அதில் சேர்ந்து கத்துகிறார்கள், வெட்கக்கேடு. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்வதாகப் பொய் வீடியோ பரப்பினார்கள். பயந்து மூட்டையோடு ரயில் ஏறியவர்களில் எத்தனை பேர் நம்மைப் போல் சேரியில் பிறந்தவர்கள்? உன் பாட்டன் நிலத்தை எடுத்தவன் அவனா? உனக்கு வீடில்லை என்றவன் அவனா? அவனுடைய எட்டுப் பேர் அறையும், உனக்குக் கிடைக்காத அறையும் ஒரே வீட்டுக்காரருடையது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒன்று. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளிகள் முப்பத்தேழு நாள் உட்கார்ந்து, 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவு செய்ய வைத்தது பெரிய வெற்றி. பந்தலில் யாரும் சாதி கேட்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள், சந்தோஷம். இந்தப் பகுதிச் சங்கங்களின் உறுப்பினர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இல்லையா? சாதி பார்த்து வீடு மறுப்பவன் உறுப்பினராக இருக்க முடியாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள் பார்ப்போம். கான்ட்ராக்ட் தொழிலாளியையும் அப்படியே பந்தலுக்குள் கூப்பிடுங்கள்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் குற்றம் என்கிறது. நான் விசாரித்தவரை, வீடு மறுத்ததற்காக அந்தப் பிரிவில் புகார் எழுதிக் கொடுத்த ஒருத்தரையும் பார்க்கவில்லை. அரசால் கட்ட முடியாது என்பதும் பம்மாத்து. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளிகளுக்கு 706 கோடி ரூபாயில் குடியிருப்பு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்களே! கம்பெனிக்குத் தேவை என்றதும் நிலமும் வந்தது, பணமும் வந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும், குடும்பத்தோடு வருகிறவனுக்கும், நிலமிழந்த சேரிக்கும் அதே சிப்காட் நிலத்தில் வீடு கேட்போம். ஒதுக்கீடு அரசு கையில் இருக்கட்டும், புரோக்கர் வேண்டாம்.

செய்யாற்றுப் பிள்ளைக்குக் கடைசியில் காலனியில்தான் இடம் கிடைத்தது. பக்கத்து அறையில் நாலு ஒடிசாக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சேர்ந்து சமைக்கிறார்கள். அந்த நாலு பேரையும் கூட்டத்துக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்தி தெரிந்த தோழர் ஒருத்தர் வேண்டும். உங்கள் கிராமத்து அ-பதிவேட்டின் நகலை வி.ஏ.ஓ.விடமோ தாலுகா ஆபீசிலோ வாங்கி வையுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அந்த மனுவின் நகலையாவது கொண்டுவாருங்கள்.